நான்கு கறவை, ஓர் ஏக்கர், கோடையில் வறளும் கிணறு: கோ-4 புல்லா, கோ எஃப்எஸ் 29 சோளமா?

கேரள எல்லையோரத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி ஆகிய பக்கங்களில் இருந்தும், கோபாலபுரம் சாவடிக்கு அப்பால் பொள்ளாச்சி பக்கத்தில் இருந்தும் ஒரே கேள்வி சில மாதங்களாக மாறி மாறி வருகிறது. கேட்பவர்களின் நிலை ஏறக்குறைய ஒன்றுதான். கட்டுத்தரையில் நான்கைந்து கறவை மாடுகள், தீவனத்துக்கென்று ஒதுக்கிய ஓர் ஏக்கர் அல்லது அதற்கும் குறைவான நிலம், மாசிக்குப் பிறகு அரைமணி நேரம் ஓடினால் மூச்சு வாங்கும் கிணறு. பக்கத்துத் தோட்டத்துக்காரர் கோ-4 புல்லைப் போடச் சொல்கிறார். மாமனார் ஊரில் கோ எஃப்எஸ் 29 சோளம் போட்டிருக்கிறார்கள். விதைக்கடையில் ஆப்பிரிக்கன் டால் மக்காச்சோளத்தைக் கையில் கொடுக்கிறார்கள். எதைப் போடுவது?

இந்த மூன்றும் நல்ல இரகங்கள்தாம். ஆனால் பெரும்பாலோர் ‘ஏக்கருக்கு எத்தனை டன்’ என்ற ஒற்றை எண்ணை வைத்தே முடிவெடுக்கிறார்கள். அந்த எண், ஆண்டு முழுவதும் தண்ணீரும் எருவும் தட்டில்லாமல் கிடைத்த நிலத்தின் எண். சித்திரையில் நம் கிணற்றில் இருக்கும் தண்ணீரின் எண் அன்று. ஆகவே, இரகங்களுக்குள் நுழைவதற்கு முன் எந்தெந்த அளவுகோல்களைக் கொண்டு எடைபோட வேண்டும் என்பதை முதலில் வைத்துக்கொள்வோம்.

## அளவுகோல்கள்

முதலாவது, கோடைத் தண்ணீர். தை முதல் சித்திரை முடிய, பத்து நாளுக்கு ஒரு முறை தீவனக் காட்டை நனைக்க முடியுமா என்பதே இதற்குள் அடங்கிய கேள்வி. பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்தில் தமிழகப் பக்கம் மண்டலம் மண்டலமாக முறைவைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். கேரளத்தின் சித்தூர்ப் புழைப் (ஆற்றுப்) பக்கத்துக்கு 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி வர வேண்டும். எந்தப் பக்கத்தில் இருந்தாலும், வாய்க்கால் தண்ணீர் தீவனப் பயிரின் நாள்கணக்கைப் பார்த்து வருவதில்லை. எனவே கிணற்றையும் ஆழ்துளைப் போரையும் மட்டும் கணக்கில் எடுங்கள்.

இரண்டாவது, உருப்படிகளின் எண்ணிக்கை. ஒரு கலப்பினக் கறவைக்கு நாளொன்றுக்கு 30 கிலோ பசுந்தீவனம் என்று வைத்தால், நான்கு மாட்டுக்கு 120 கிலோ, ஆண்டுக்கு ஏறத்தாழ 44 டன். தேவையே இவ்வளவுதான் என்றால், 150 டன் விளையும் பயிரை ஓர் ஏக்கர் முழுக்கப் போடுவதற்கு நல்ல காரணம் வேண்டும்.

மூன்றாவது, நிலத்தின் மீதுள்ள உரிமை. சொந்த நிலத்தில் ஐந்தாண்டு நிற்கும் புல்லைப் போடலாம். பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்த நிலத்தில், அடுத்த ஆண்டு உடையவர் என்ன சொல்வார் என்று தெரியாதவர், கரணைக்கு, அதாவது புல் நடும் தண்டுத் துண்டுக்கு, பணத்தைக் கொட்டக்கூடாது.

நான்காவது, அறுத்துச் சுமக்கும் ஆள். ஐந்தாவது, காயவைத்துச் சேமிக்க முடியுமா என்பது. இந்த ஐந்தாவதை யாரும் கேட்பதில்லை; மழைமறைவுப் பகுதியில் மாடு வளர்ப்பவருக்கு அதுவே பாதிப் பதில்.

## எண்கள் ஒரே பார்வையில்

கீழுள்ள விளைச்சல், பாசன வசதியுள்ள நிலத்துக்குப் பல்கலைக்கழகப் பரிந்துரைகளில் சொல்லப்படுவது. ஹெக்டேர்க் கணக்கை ஏக்கருக்கு மாற்றித் தந்திருக்கிறேன்.

| | கோ-4 கம்பு நேப்பியர் | கோ எஃப்எஸ் 29 சோளம் | ஆப்பிரிக்கன் டால் மக்காச்சோளம் |
|---|---|---|---|
| நடுபொருள் (ஏக்கருக்கு) | சுமார் 13,300 கரணை | 2 கிலோ விதை | 16 கிலோ விதை |
| முதல் அறுப்பு | 75–80 நாள் | 65 நாள் | 60–65 நாள் |
| அடுத்த அறுப்புகள் | 45 நாளுக்கு ஒன்று | 50 நாளுக்கு ஒன்று | இல்லை |
| ஆண்டுக்கு அறுப்பு | 7 | 6 | ஒவ்வொரு முறையும் புதிய விதைப்பு |
| பசுந்தீவனம் (ஏக்கருக்கு) | ஆண்டுக்குச் சுமார் 150 டன் | ஆண்டுக்குச் சுமார் 68 டன் | ஓர் அறுப்பில் 16–17 டன் |
| புரதம் (உலர்எடையில்) | 10.7% | 8.4% | 9% அளவில் |
| காயவைத்துச் சேமிக்க | கடினம் | எளிது | ஊறுகாய்ப்புல்லுக்கு (சைலேஜ்) ஏற்றது |
| நஞ்சு எச்சரிக்கை | ஆக்சலேட் | சயனைடு | குறிப்பிடத்தக்கது இல்லை |

## கோ-4 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்

கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2008-இல் வெளியிட்ட இந்த இரகம், கோ-8 தீவனக் கம்பையும் எஃப்டி 461 நேப்பியர் புல்லையும் ஒட்டியதால் வந்தது. கம்பிடமிருந்து இலையின் மென்மையும் சுவையும் வந்தன. நேப்பியரிடமிருந்து தூர் கட்டும் வேகமும் பல்லாண்டு நிற்கும் குணமும் வந்தன. ஆனால் இரண்டின் குரோமோசோம் எண்ணிக்கையும் ஒன்றுக்கொன்று பொருந்தாததால் (கம்புக்கு 14, நேப்பியருக்கு 28, ஒட்டுக்கு 21) இந்தப் புல் விதை பிடிக்காது. ‘கோ-4 விதை’ என்று பொட்டலத்தில் யாராவது விற்றால், அது கோ-4 அன்று. வேறு ஆராய்ச்சியே தேவையில்லை. கரணைதான் ஒரே வழி.

நன்றாகப் பராமரித்தால் இதைவிட அதிகமாகப் பசுந்தீவனம் தரும் பயிர் நம் பகுதியில் இல்லை. 44 டன் தேவைக்குப் பரிந்துரைக் கணக்குப்படி 30 சென்ட் போதும். கிணற்றுப் பாசனத்தில் நடைமுறையில் பாதிக்குச் சற்று மேல்தான் கிடைக்கும் என்று வைத்தாலும் 50 சென்ட் போதும். மீதி அரை ஏக்கர் கையில் நிற்கிறது. மாடு பெருகப் போகிறது, நிலமோ பெருகாது என்பவருக்கு இது பெரிய செய்தி.

இனி மறைந்திருக்கும் செலவுகள். முதலில் கரணை. இரண்டடி இடைவெளிப் பாத்தியில் ஒன்றரை அடிக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் ஒன்று என்று நட்டால் ஏக்கருக்குப் பதின்மூன்றாயிரத்துக்கு மேல் வேண்டும். கரணை ஒரு ரூபாய் என்றால், வண்டி வாடகை சேர்க்காமலே பதின்மூன்றாயிரம் ரூபாய். பலர் செய்யும் நல்ல வழி, ஐந்து சென்டுக்கு மட்டும் வாங்கி நட்டு, மூன்று மாதம் முற்றவிட்டு, அதிலிருந்தே கரணை வெட்டிப் பரப்புவது. ஒரே ஒரு பருவம் பொறுத்தால் செலவு பத்தில் ஒரு பங்காகிவிடும். நான் அவசரப்பட்டு, தொலைபேசியில் பேசியே ஒருவரிடம் ஒரு வண்டிக் கரணை வாங்கினேன். வந்து முளைத்ததில் கால்வாசி, இலையோரம் கையைக் கிழிக்கும் பழைய நேப்பியர். சுனை மிகுந்த அந்தத் தூர்களைப் பிடுங்கி எறிய ஆன கூலி, கரணை விலையைத் தாண்டிவிட்டது. நேரில் போய், நிற்கும் பயிரைத் தொட்டுப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது உரம். ஒவ்வோர் அறுப்புக்குப் பின்பும் ஹெக்டேருக்கு 75 கிலோ தழைச்சத்து என்பது பரிந்துரை. ஏக்கருக்கு மாற்றினால் 30 கிலோ, அதாவது ஒன்றரை மூட்டை யூரியா. ஏழு அறுப்புக்குப் பத்து மூட்டை. 150 டன் என்ற எண்ணுக்குப் பின்னால் இந்தப் பத்து மூட்டை ஒளிந்திருக்கிறது. கட்டுத்தரைக் கழுவுநீரை நேராகப் புல்லுக்குத் திருப்பிவிட்டவர்கள் இதில் பெரும்பகுதியை மிச்சம் பிடிக்கிறார்கள். அதற்கு வாய்க்கால் மட்டம் பார்த்துக் கட்டுத்தரைக்குக் கீழ்ப்புறம் புல்லை நட வேண்டும். மேட்டில் நட்டுவிட்டுச் சாணிநீரை வாளியில் சுமப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். யூரியா போட்ட சில நாளிலேயே, குறிப்பாக மழை மூடாப்பில், அறுத்துப் போடுவதைத் தவிர்க்கவும். நைட்ரேட் தேங்கிய புல் மாட்டுக்கு ஆகாது.

இளம்புல்லில் ஆக்சலேட் அதிகம். அது சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். கன்று ஈன்ற புதிதில் இருக்கும் நல்ல கறவைக்குக் கோ-4 ஒன்றையே போட்டு, தாது உப்புக் கலவை கொடுக்காமல் இருப்பது ஆபத்து. நாளைக்கு 50 கிராம் தாது உப்புச் செலவையும் இந்தப் புல்லின் கணக்கிலேயே எழுதுங்கள்.

தண்டு தடித்தது என்பதால் நறுக்காமல் போட்டால் மாடு இலையைத் தின்றுவிட்டுத் தண்டை மிதித்துத் தள்ளும். ஆகவே சாஃப் கட்டர் இல்லாத வீட்டில் இந்தப் புல்லின் உண்மையான விளைச்சல், காட்டில் நிற்பதைவிடக் குறைவு. மேலும், தண்டு தடித்ததாலும் ஈரம் மிகுந்ததாலும் இது எளிதில் காயாது. வைக்கோல் போலப் போர் போட முயன்றால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும்.

தண்ணீருக்கு வருவோம். பத்து நாளுக்கு ஒரு தண்ணீர் இல்லாவிட்டால் இந்தப் புல் சாவதில்லை. தூர் உயிரோடு கிடந்து, மழை கண்டதும் துளிர்க்கும். ஆனால் மாட்டுக்குப் பங்குனியில் வயிறு காய்கிறது என்றால், ஆனியில் துளிர்க்கும் புல்லால் என்ன பயன்? மழைக்காலத்தில் அறுத்து மாளாத அளவு, கோடையில் ஒன்றுமில்லாத நிலை: கிணறு வறளும் தோட்டத்தில் கோ-4 தரும் 150 டன்னின் உள்கதை இதுதான். சித்தூர் தாலுகாவின் கரிசல் துண்டுகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. வடிகால் இல்லாமல் தண்ணீர் தேங்கினால் தூர் அழுகிவிடும். மேட்டுப்பாத்தி எடுத்து நடுவது கட்டாயம்.

கோ-5 இதற்கு அடுத்து வந்த இரகம். விளைச்சல் ஏறத்தாழ இதே அளவுதான், தண்டு இன்னும் மிருதுவானது, புரதமும் கூடுதலாகச் சொல்லப்படுகிறது. புதிதாக நடுபவர் கோ-5 கரணை அருகில் கிடைத்தால் அதையே எடுக்கலாம். ஏற்கெனவே கோ-4 நன்றாக நிற்கும் தோட்டத்தை அழித்து மாற்றுவதற்கு அந்த வேறுபாடு போதாது. கேரளப் பக்கத்தில் தீற்றப்புல்லு என்று கேட்டால் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் சுகுணா, சுப்ரியா, சுஸ்திரா ஆகிய பெயர்களையும் சொல்வார்கள். அவையும் இதே கம்பு நேப்பியர் குடும்பம்தான், மேலே சொன்ன கணக்குகள் யாவும் அவற்றுக்கும் பொருந்தும். ‘சூப்பர் நேப்பியர்’ என்ற பெயரில் விற்பதும் தாய்லாந்தில் உருவான அதே வகை ஒட்டுதான். கரணை பல ரூபாய்க்கு விற்கும் அளவுக்கு அதில் மாயம் எதுவும் இல்லை.

## கோ எஃப்எஸ் 29 மறுதாம்புச் சோளம்

நம் தாத்தாக்கள் போட்ட தீவனச் சோளத்தை ஒரு முறை அறுத்தால் கதை முடிந்தது. சோளத்தையும் சூடான் புல்லையும் ஒட்டி, 2001-இல் இதே பல்கலைக்கழகம் வெளியிட்ட இந்த இரகம், அடிக்கட்டையிலிருந்து மறுபடி மறுபடி தழைக்கும். தரையிலிருந்து அரையடி விட்டு அறுக்க வேண்டும். ஒட்ட அறுத்தால் தழைவு குறைந்துவிடும். பின்னர் கதிரியக்க முறையில் இதிலிருந்தே உருவாக்கிய கோ எஃப்எஸ் 31 இரகம், ஹெக்டேருக்கு 190 டன், ஏக்கருக்கு 76 டன் அளவில் தரக்கூடியது. புரதமும் பத்து விழுக்காட்டை ஒட்டி வருகிறது. இரண்டும் கிடைக்கிற இடத்தில் 31-ஐ எடுப்பதே சரி. கீழே ‘29’ என்று சொல்வதெல்லாம் 31-க்கும் பொருந்தும்.

விளைச்சல் எண்ணில் இது கோ-4-இன் பாதியைக்கூட எட்டவில்லை. 44 டன் தேவைக்கு ஏட்டுக்கணக்கிலேயே 65 சென்ட் வேண்டும். பிறகு ஏன் இதைப் பேச வேண்டும்?

முதல் காரணம், இரண்டு கிலோ விதையில் ஓர் ஏக்கர் முடிகிறது. தவறினால் இழப்பு சில நூறு அல்லது ஓரிரு ஆயிரம் ரூபாய், ஒரு உழவு, அவ்வளவுதான். பாட்ட நிலத்துக்காரருக்கு இதுவே விடை. இரண்டாவது காரணம், இது காயும். தண்டு மெலிந்தது; பூத்த பருவத்தில் அறுத்து, மூன்று நான்கு நாள் வெயிலில் புரட்டிப் போட்டு, கட்டுக் கட்டித் தட்டுப்போர் போட்டுவிட்டால், மாசியில் இருந்து ஆனி வரை கட்டுத்தரை தாங்கும். கோடையில் விளையாத பயிரை ஐப்பசியில் விளையவைத்துக் கோடைக்குக் கொண்டுபோவது என்பது ஒரு வகையில் தண்ணீரையே சேமித்து வைப்பது. புரட்டாசிப் பட்டத்தில் விதைத்தால், மழையை நம்பியே இரண்டு அறுப்பும், கிணற்றில் கொஞ்சம் இருந்தால் மூன்றாவதும் எங்கள் பக்கத்தில் எடுத்துவிடுகிறோம். வைக்கோல் விலை ஏறும் மாதத்தில் போர் வைத்திருப்பவரின் நிம்மதி தனி.

மூன்றாவது, பாலின் தரம். இளம்புல்லை மட்டும் வயிறு நிறையத் தின்ற மாட்டின் பாலில் கொழுப்பு குறையும். பால் சங்கத்தில் கொழுப்பையும் இதர திடப்பொருளையும் பார்த்துத்தான் விலை. நார்ச்சத்துள்ள காய்ந்த தட்டைத் தினமும் நான்கைந்து கிலோ சேர்த்துப் போட்டால் அது நிமிர்கிறது. கோ-4 மட்டும் வைத்திருப்பவர் இந்த நாருக்கு வைக்கோலை விலைக்கு வாங்க வேண்டும். அந்தச் செலவு புல்லின் கணக்கில் ஒருபோதும் எழுதப்படுவதில்லை.

சோளத்தின் ஆபத்து எல்லோருக்கும் தெரிந்ததுதான். வாட்டம் கண்ட இளஞ்சோளத்திலும், வறட்சிக்குப் பின் மழை கண்டு துளிர்த்த மறுதழைவிலும் சயனைடு நஞ்சு மிகும். இந்த இரகத்தில் அது குறைவு. ஆனால் குறைவு என்பது இல்லை என்று பொருள்படாது. முழங்கால் உயரத் துளிரில் மாட்டை அவிழ்த்துவிடக்கூடாது. ஐம்பது நாள் நிரம்பி, பூக்கும் தறுவாயில் அறுப்பதே வழி. காயவைத்தால் நஞ்சு பெரும்பாலும் நீங்கிவிடும். மேய்ந்த சிறிது நேரத்தில் மாடு மூச்சுத் திணறி நடுங்கினால் வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்காமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். உடனே ஊசி போட்டால் பிழைக்கும்.

மறைந்த செலவு இதில் களை. முதல் முப்பது நாள் சோளப் பயிர் சிறிதாக நிற்கையில் கோரையும் சாரணையும் மூடிவிடும். ஒரு களையெடுப்புத் தவறினால் அடுத்த அறுப்பெல்லாம் பாதி. குருத்து ஈத் தொல்லையும் தாமதமாக விதைத்த காட்டில் வரும். இரண்டு மூன்று ஆண்டுகளில் தூர் கலைந்து மறுபடி விதைக்க வேண்டியிருக்கும். சொந்த விதை எடுக்க விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பக்கத்துக் காட்டில் தானியச் சோளம் ஒரே சமயத்தில் பூத்தால் மகரந்தம் கலந்து, மறுதழைவுக் குணம் மங்கிய விதை வந்து சேரும். மணியும் முற்றியதும் உதிரும்.

## ஆப்பிரிக்கன் டால் மக்காச்சோளம்

இதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சுவையான, நஞ்சில்லாத, மாடு தண்டோடு தின்னும் தீவனம். ஒரே அறுப்பு, ஒவ்வொரு முறையும் உழவு, 16 கிலோ விதை, உரம். நான்கு மாட்டுக்கு ஆண்டு முழுவதும் இதைமட்டும் நம்பினால் விதைப்புக்கூலியே பால்பணத்தைத் தின்றுவிடும். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும்போது, ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த இந்தப் பயிர் ஒரே இரவில் சாய்ந்துவிடுவதை இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2018-க்குப் பிறகு படைப்புழு வந்து குருத்தைத் தின்னத் தொடங்கியதிலிருந்து மருந்துச் செலவும் சேர்ந்துவிட்டது. மருந்தடித்த தீவனத்தைப் போடுவதில் காத்திருப்பு நாளும் பார்க்க வேண்டும்.

இது எங்கே சிறந்தது என்றால், ஊறுகாய்ப்புல் போடும் பண்ணையில். மணி பால்பிடித்து மாவாகும் பருவத்தில் அறுத்து, நறுக்கி, காற்றுப் புகாமல் மிதித்து மூடினால் மக்காச்சோளத்தை மிஞ்சும் பயிர் இல்லை. பத்து மாட்டுக்கு மேல் வைத்திருப்பவர், கார்த்திகைக்குள் ஒரு குழி நிரப்பப் போகிறவர், இதைப் போடலாம். நெல்லுக்கும் அடுத்த பயிருக்கும் இடையே அறுபது நாள் காலியாகக் கிடக்கும் வயலுக்கும் இது பொருந்தும்.

## எதைப் போட்டாலும் கூடவே போட வேண்டியது

மூன்றும் புல்வகைதான்; மூன்றிலும் புரதம் பத்தைச் சுற்றியே நிற்கிறது. மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு பயறுவகை சேராவிட்டால் அந்தக் குறையைப் பிண்ணாக்கு மூட்டையாகக் காசு கொடுத்து நிரப்ப வேண்டிவரும். நம் பக்கத்துக்கு வேலிமசால் ஏற்றது. மூன்று வரிசைக் கோ-4, ஒரு வரிசை வேலிமசால் என்று நடலாம். அல்லது வரப்பையும் தென்னை வட்டத்துக்கு வெளியே உள்ள வெற்றிடத்தையும் அதற்குக் கொடுக்கலாம். விதை கடினத்தோல் உடையது. கொதி அடங்கிய வெந்நீரில் நான்கைந்து நிமிடம் போட்டு எடுத்து விதைக்காதவர்கள்தாம் ‘முளைக்கவே இல்லை’ என்று விதைக்கடையில் சண்டை போடுகிறார்கள். அடர்ந்த தென்னை நிழல் மட்டுமே உள்ளது என்றால் மேலே சொன்ன மூன்றையும் விட்டுவிட்டுக் கினியாப்புல்லைப் பாருங்கள். நிழலை அது தாங்கும் அளவுக்குக் கோ-4 தாங்காது.

## யாருக்கு எது

கோடை முழுவதும் தண்ணீர் நிற்கும் போர், சொந்த நிலம், சாஃப் கட்டர், தினமும் அறுக்க ஆள்: இந்த நான்கும் உள்ளவர் தயங்காமல் கோ-4 அல்லது கோ-5 நடலாம். நிலம் அரை ஏக்கருக்கும் குறைவு என்றால், தண்ணீர் சற்றுக் குறைந்தாலும் அதுவே வழி. 29-க்குத் தேவையான பரப்பே அங்கு இல்லை.

பாட்ட நிலம், வானம் பார்த்த காடு, மாசியில் கைவிடும் கிணறு ஆகியவற்றில் எது இருந்தாலும் கோ எஃப்எஸ் 29 அல்லது 31. தினக்கூலிக்கோ ஆலைக்கோ போய்வரும் குடும்பத்துக்கும் இது தோது. இரண்டு நாள் ஆள்விட்டு அறுத்துக் காயவைத்தால் இரண்டு மாதத்துக்கு அறுக்கும் வேலை இல்லை.

கடிதம் எழுதியவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார்கள்: சொந்தமாக ஓர் ஏக்கர், நான்கு மாடு, பங்குனியில் அரைமணி நேரத் தண்ணீர். அவர்களுக்கு என் யோசனை, ஏக்கரைப் பிரிப்பதுதான். கட்டுத்தரைக்குக் கீழ்ப்புறம் 25 சென்ட் கோ-4, மூன்றுக்கு ஒன்று வேலிமசாலோடு. கோடையில் இருக்கும் தண்ணீர் முழுவதும் அந்த 25 சென்டுக்கு மட்டும். மீதி 75 சென்டில் புரட்டாசியில் கோ எஃப்எஸ் 29. முதல் அறுப்பைப் பசுமையாகப் போட்டு, பனி நீங்கி வெயில் ஏறும் தையில் வரும் அறுப்பை முழுவதும் காயவைத்துப் போர் ஏற்றிவிட வேண்டும். பங்குனியில் மாடு ஒன்றுக்கு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ பச்சையும் ஐந்தாறு கிலோ தட்டும் என்று ஓடும். பால் இறங்கினாலும் விழுந்துவிடாது.

கரணைக்கும் விதைக்கும் கோவையில் பல்கலைக்கழகத் தீவனப்பயிர்த் துறையில் முன்பதிவு செய்வது நல்லது. மழை தொடங்கிய பின் போனால் வரிசை நீளும். விவசாயிகளிடம் 29 விதை வாங்குவதானால், எப்போது அறுவடை செய்தது என்று கேட்டு வாங்குங்கள். அறுவடையான புதிதில் இந்த விதைக்கு உறக்கம் உண்டு. அறுபது நாள் ஆகாத விதையை எவ்வளவு நல்ல மண்ணில் போட்டாலும் முளைப்பு குறையும்.